பனிக்காட்டுப் பிள்ளைக்கு வைத்த நேர்ச்சை

அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவரை விட்டுவிட்டால் எனக்கு நித்திரை வராது.

கல்முனையில் பள்ளிக்கூடமொன்றில் தமிழ் படிப்பிக்கும் டீச்சர். வாசிப்புக் குழு அவருடையது. சாய்ந்தமருதில் இருக்கும் என் மதினி, என் காக்காவின், அதாவது என் அண்ணனின் மனைவி. காரைதீவு அக்கா, அவருடைய கணவர் கடலுக்குப் போகிறவர். ஒலுவிலில் கம்பஸ் படிக்கும் ஒரு பிள்ளை. ஐந்தாவது நான். போனில் தெரிந்தது இந்த ஐந்து பேர்தான். தெரியாமல் இருந்தவர்கள் இரண்டு பேர். டீச்சர் வீட்டில் பக்கத்து அறையில் மார்க்கக் கிதாபு பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கணவர், அவர் மௌலவி. எங்கள் வீட்டு விறாந்தையில், இறக்காமத்து வயலுக்குக் காவலுக்குப் போவதற்குச் சோற்றுப் பார்சலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த என் கணவர்.

நாங்கள் வீடியோ போடுவதில்லை. முகம் வேண்டாம், குரல் போதும் என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே வட்ஸ்அப் கோலில் ஐந்து வட்டங்கள் மட்டும் இருக்கும். டீச்சர் ஒரு ரோசாப்பூ. மதினி, தொப்பி போட்ட அவருடைய கடைசி மகன். காரைதீவு அக்கா ஒரு வள்ளம். கம்பஸ் பிள்ளை படமே வைப்பதில்லை. வெறும் சாம்பல் நிற உருவம். நான் ஒரு வயல். யார் கதைக்கிறாரோ அவருடைய வட்டம் மினுங்கும். இவர்களில் மதினியைத் தவிர யாரையும் நான் நேரில் கண்டதில்லை. கண்டால் அடையாளம் தெரியாது. ஆனால் குரலைக் கேட்டால் சந்தைக்குள் வைத்தும் திரும்பிப் பார்ப்பேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். உம்மா குவைத்துக்கு வேலைக்குப் போன வருஷம் நான் எட்டாம் வகுப்பு. எனக்குக் கீழே மூன்று பேர். அவர்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாம் என்றுதான் நினைத்தோம், போக முடியவில்லை. வாசிப்பேன், ஆனால் விரல் வைத்துத்தான் வாசிப்பேன். விரலை எடுத்தால் வரி நழுவிவிடும். மதினிதான் என்னைக் கேட்காமலே இந்தக் குழுவில் சேர்த்துவிட்டார். "மச்சி, நீங்க சும்மா இருந்தா எதையாவது நினைச்சுப் பயந்துக்கிட்டே இருப்பீங்க. புத்தகத்த நினைச்சுப் பயப்படுங்க, அது நல்லம்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. படுக்கப்போனபின் காஸ் சிலிண்டரை மூடினேனா என்று மூன்று தரம் எழும்பிப் பார்க்கிறவள் நான். என் கணவர் வயலுக்குப் போகும்போது மாவடிப்பள்ளியைத் தாண்டியதும் ஒரு மிஸ்ட் கோல், இறக்காமத்தில் காவல் பரணில் ஏறியதும் ஒரு மிஸ்ட் கோல் தரவேண்டும். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு வேலையும் செய்யமாட்டேன். அந்தப் பக்கம் ஆனை இறங்குகிற இடம். பயம் முற்றினால் என் வாய் தானாக நேர்ச்சை வைத்துவிடும். யா அல்லாஹ், இவரைச் சுகமாகக் கொண்டுவந்து சேர், பள்ளிவாசல் உண்டியலுக்கு இருநூறு போடுகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் நூறு. அவர் வந்துவிட்டால், காய்ச்சல் விட்டுவிட்டால், அந்தக் காசு என் தலையில் கடன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிற நேரம் அவர் கையில் கொடுப்பேன். எதற்கு என்று கேட்பார், சொல்வேன், தலையை ஆட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவார். இன்றுவரை ஒரு நேர்ச்சையையும் நான் விட்டதில்லை. என்னிடம் பெருமைப்பட ஏதாவது இருக்கிறதென்றால் அது ஒன்றுதான்.

எங்கள் குழுவில் ஐந்து பேருக்கும் ஒரு புத்தகம். டீச்சர் வாங்கி முதலில் வாசிப்பார். பிறகு ஷொப்பிங் பேக்கில் சுற்றி, யாராவது இந்தப் பக்கம் வருகிறவர் கையில் அடுத்த வீட்டுக்கு அனுப்புவார். எல்லாரும் வாசித்து முடிந்தபின் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கோலில் கூடுவோம். கடைசியாக வாசிப்பது எப்போதும் நான்தான். அதனால் என் கைக்கு வரும்போது புத்தகத்தில் நாலு வீட்டு வாசமும் இருக்கும். இந்த முறை புத்தகம் காரைதீவில் தங்கிவிட்டது. வரவில்லை, வரவில்லை. அக்காவுக்கு என்னவோ, கடலுக்குப் போனவருக்கு என்னவோ என்று நான் மதினியைக் கேட்டுக்கேட்டுத் தொல்லைப்படுத்திவிட்டேன். கடைசியில் ஒரு நாள் மீன் கொண்டுவருகிற ஐயா சைக்கிளில் கொண்டுவந்து தந்தார்.

கதை நடப்பது ஏதோ ஒரு வட தேசத்துக் காட்டில். காணி அளக்கிற வேலை பார்க்கும் ஒரு பெண் சின்ன விமானமொன்றில் அந்தக் காட்டுக்கு மேலால் போகிறாள். விமானம் விழுகிறது. ஓட்டியவர் செத்துப்போகிறார். இவளுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. கையில் ஒரு லைட்டரும் ஒரு கம்பளியும். தூரத்தில் ஒரு ஆள் வருகிறான். உதவிக்குத்தான் வருகிறான் என்று பார்த்தால் அவன் கையில் ஆளைச் சுடுகிற துவக்கு. அவன் காட்டுக்குள் எதையோ புதைத்ததை இவள் மேலேயிருந்து கண்டிருக்கிறாள். கண்டது அவனுக்கும் தெரியும். அதற்குப் பிறகு முழுப் புத்தகமும் பின்னால் அவன், முன்னால் பனி.

பனி என்றால் எனக்கு என்ன தெரியும்? மீன் பெட்டிக்குள் போடுகிற ஐஸ் தெரியும். அந்தப் புத்தகத்தில் ஒரு குளம் முழுக்க உறைந்து கிடக்கிறது. குளம் என்றதும் எனக்கு இறக்காமக் குளம்தான் கண்ணுக்குள் வந்தது. அந்தத் தண்ணீர் அவ்வளவும், அலையும் தாமரையும் கொக்கு நிற்கிற ஓரமும் எல்லாம், ஒரே கல்லாகிக் கிடக்க, அதன்மேல் ஒரு பெண் பிள்ளை முழங்காலால் ஊர்ந்து போகிறாள். நான் விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. அல்லாஹ்வின் படைப்பில் இப்படியும் ஒரு குளம் இருக்கிறதே என்று உடம்பு புல்லரித்தது. வெளியே வெயில் மண்ணைச் சுட்டுக்கொண்டிருந்தது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் எனக்குக் கால் விறைத்தது.

அந்த இடத்தில்தான் ஐஸ் உடைந்தது. அவள் இடுப்புவரை தண்ணீருக்குள் போய்விட்டாள். கத்தவும் முடியாது, கத்தினால் துவக்குக்காரனுக்குக் கேட்டுவிடும். யாருக்கும் ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கக்கூட வழியில்லாத பிள்ளை. நான் அழுதுகொண்டிருந்தேன், என் வாய் சொல்லிவிட்டது. "யா அல்லாஹ், இந்தப் புள்ளய உசிரோட அந்தக் காட்ட விட்டு வெளிய கொண்டுவந்துரு. பள்ளி உண்டியலுக்கு ஐயாயிரம் போடுறன்."

சோறு குழைந்த மணம் வந்தபிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

ஐயாயிரம் ஏன் வந்தது என்று எனக்கே தெரியும். பால்மா டின்னுக்குள் இருந்த தொகை அதுதான். என் கணவருடைய காவல் டோர்ச் கொஞ்ச நேரம் எரிந்தால் மங்கிப்போகிறது. ஆனை கிட்ட வந்தபிறகுதான் தெரிகிறது என்று அவர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தார், நான் அன்றிலிருந்து சேர்க்கத் தொடங்கினேன். தலையில் கட்டுகிற பெரிய டோர்ச் ஒன்று கடையில் ஐயாயிரம். இப்போது அந்தக் காசை, உலகத்திலேயே இல்லாத ஒருத்திக்கு வாயால் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சரி, முடிவில் அவள் செத்துப்போனால் நேர்ச்சை இல்லை, பிழைத்தால் கடன், அவ்வளவுதானே என்று மிச்சத்தை வாசித்தேன். அவள் குளத்தை விட்டு ஏறிவிட்டாள். துரத்தி வந்த துவக்குக்காரன்தான் அதே ஐஸுக்குள் போய்ச் சேர்ந்தான். இவள் ஊர்ந்து ஊர்ந்து காட்டின் விளிம்புக்கு வந்துவிட்டாள். முன்னால் உறைந்த ஒரு ஆறு. அக்கரையில் ஒரு வெளிச்சம். ஒரு நாய் குரைக்கிறது. அவள் ஐஸில் கையை ஊன்றுகிறாள். புத்தகம் முடிந்துவிட்டது.

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். வெள்ளைத் தாள். அதற்கடுத்த பக்கத்தில் வேறு புத்தகங்களின் விளம்பரம். பக்கம் எதுவும் ஒட்டிக்கிடக்கிறதோ என்று நகத்தால் பிரித்தும் பார்த்தேன். அவள் பிழைத்தாளா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு ஐயாயிரம் கடன் இருக்கிறதா இல்லையா என்றும் தெரியவில்லை. அல்லாஹ்வுக்குக் கொடுக்க இருக்கிறதோ என்று சந்தேகத்தோடு அந்த டின்னைத் தொட்டு டோர்ச் வாங்க எனக்குக் கை வராது. வாங்காமல் விட்டால் அவர் இருட்டில் நிற்பார். சனிக்கிழமை வரட்டும், டீச்சர் சொல்லுவார் என்று இருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. அஸர் தொழுதுவிட்டுக் குசினிக் கதிரையில் உட்கார்ந்து போனை மிளகாய்த்தூள் போத்தலில் சாத்தி வைத்தேன்.

டீச்சர் சலாம் சொன்னார், காரைதீவு அக்காவுக்கு வணக்கமும் சொன்னார். ஆர் முதல்ல தொடங்குறீங்க என்று கேட்டு முடிக்கவில்லை, சாம்பல் உருவம் மினுங்கியது.

"அவள் செத்துட்டாள் டீச்சர்."

"அல்லாஹ்! இந்தப் புள்ள சலாமுக்குப் பதில் சொல்ல முதல் மையித்தத் தூக்கிட்டாளே" என்றார் மதினி.

"இல்ல ராத்தா, யோசிச்சுப் பாருங்க. நடுவுலயும் ஒருக்கா அவள் வெளிச்சம் கண்டாள்தானே. கிட்டப் போய்ப் பாத்தா நிலவு பட்ட ஐஸ். கடைசியிலயும் அதுதான். குளிருக்கு மூளை அப்பிடிக் காட்டும். நான் நெட்ல வாசிச்ச."

"அப்ப நாய்? நாயும் மூளைக்குள்ள இருந்தா குரைச்ச?"

"ஓம் ராத்தா. கேக்கிறதும் மூளைதானே."

"கம்பஸுக்கு அனுப்பினா இப்பிடித்தான். வாயத் திறந்தா ஆளக் கொல்றது" என்று மதினி சொல்ல, ரோசாப்பூ சிரித்தது.

"ரெண்டு பேரும் சொல்றது சரிதான்" என்றார் டீச்சர். "எழுதினவர் கதவத் திறந்து வச்சிட்டுப் போயிட்டார். உசிரோடயும் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். அதுதான் இந்த முடிவுட அழகு."

 கதவு திறந்து கிடக்கிற வீட்டில் நான் ஒரு நாளும் கண் மூடியதில்லை. இவர்கள் அதை அழகு என்கிறார்கள்.

"என்ட மச்சி என்ன சத்தமே இல்ல?" என்றார் மதினி. "மச்சி, லைன்ல இரிக்கீங்களா? புத்தகம் வரல்ல எண்டு எனக்குக் கோல் எடுத்து எடுத்து என்ட போன் பெற்றரியே செத்துப்போச்சு. இப்ப வாயத் திறக்கிறாவில்ல."

"இரிக்கன் மதினி" என்றேன். பிறகு வாய் தன்பாட்டில் போனது. "டீச்சர், முடிவா ஒண்டு சொல்லுங்க. அந்தப் புள்ள வந்தாளா, இல்லையா? எனக்குக் காசு விஷயம் ஒண்டு இரிக்கு."

"காசா? ஆரோட பந்தயம் புடிச்ச நீங்க?"

"அஸ்தஃபிருல்லாஹ்! பந்தயம் இல்ல மதினி, நேர்ச்சை."

சொல்லிவிட்டேன். ஐஸ் உடைந்தது, வாய் தவறியது, பால்மா டின், ஐயாயிரம், எல்லாம். டோர்ச்சைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினேன், விறாந்தையில் அவர் இருந்தபடியால்.

 மதினி வெடித்துச் சிரித்தார். "புத்தகத்துக்குள்ள இருக்கிறவளுக்கு நேர்ச்சை வச்ச ஆள் இந்தத் துனியாவுல என்ட மச்சி ஒராள்தான்! அதுவும் ஐயாயிரம்! உங்கட காக்காக்குக் காய்ச்சல் வந்தா நூறு ரூபாய்தானே வைப்பீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நனைந்தது. சிரிப்பு அடங்கும்போது சாம்பல் உருவம் மெல்ல மினுங்கியது.

"ராத்தா, நானும் அவளுக்காகக் கேட்ட."

"என்னத்தப் புள்ள?"

"துஆ. எக்ஸாமுக்குப் போற அண்டு சுபஹுத் தொழுதிட்டு என்ட எக்ஸாமுக்குக் கேக்கணும் எண்டு கைய ஏந்தின. வாயில அவள்தான் வந்தாள். அதாலதான் செத்துட்டாள் எண்டு சொல்றன். பிழைச்சிட்டாள் எண்டு நம்பிட்டு, மறுகா இல்ல எண்டு தெரிஞ்சா என்னால தாங்க ஏலா."

கோல் தொடங்கியதிலிருந்து ஆளைக் கொன்றுகொண்டிருந்த பிள்ளை சொன்னது இது. மதினி சிரிக்கவில்லை.

"நானும் சொல்றன்" என்றார் காரைதீவு அக்கா. அவருடைய வள்ளம் அன்றைக்கு முதல் தடவையாக மினுங்கியது. "புத்தகம் ஏன் எனக்கிட்டக் கிடந்த எண்டு கேட்டீங்கதானே. எனக்கு வாசிக்க நேரம் இல்லாம இல்ல. ஐஸ் வெடிக்கிற சத்தம் கேக்குது எண்டு வருமே, அந்த இடம். அடுத்த பக்கத்துல அவள் தண்ணிக்குள்ள போகப்போறாள் எண்டு விளங்கிற்று. நான் புத்தகத்த மூடி அலுமாரிக்கு மேல வச்சிட்டன். நான் திறக்குமட்டும் அவள் அங்கயே நிப்பாள்தானே? நிக்கட்டும் எண்டு நினைச்சன். ஒரு கிழமை அப்பிடியே நிண்டாள். பிறகு அவர் கடலால வந்த அண்டுதான் எடுத்துத் திறந்தன்."

நான் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி கண்டறியாத கரை இது. எங்கேயோ இருக்கிற ஒருவர் தன் மேசையில் இருந்து ஒரு பெண்ணை உண்டாக்கி ஐஸுக்குள் தள்ளிவிட்டிருக்கிறார். அவளுக்காக ஒலுவிலில் ஒரு பிள்ளை தன் பரீட்சையை மறந்து கையேந்தியிருக்கிறது. காரைதீவில் ஒருத்தி அவளை அலுமாரிக்கு மேலே வைத்து ஒரு கிழமை காப்பாற்றியிருக்கிறாள். நான் டோர்ச்சுக் காசைக் கொடுத்திருக்கிறேன். எழுதியவருக்கு இதெல்லாம் தெரியுமா? எங்கள் ஊர்களின் பெயராவது தெரியுமா? உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது எனக்கு. தொழுகையில் சில நாள் அப்படி ஆகும்.

"இது நான் சொல்ற விஷயம் இல்ல" என்று டீச்சர் எழும்பிப் போகிற சத்தம் கேட்டது. "இஞ்சேருங்க, ஒருக்கா இதக் கேளுங்க" என்று பக்கத்து அறையில் சொன்னார். முழுக்கச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மௌலவி முதலிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"இல்லாத ஆளுக்கு நேர்ச்சை வச்ச கதைய நான் இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்" என்று அவருடைய குரல் வந்தது. "கடமையாகுமா ஆகாதா எண்டு கிதாபப் பாக்காமச் சொல்லமாட்டன். ஆனா ஒண்டு. அந்தப் புள்ள இல்லாதவள். அந்தத் தங்கச்சிட வாய் ஆரோட கதைச்ச? அல்லாஹ்வோடதானே. அவன் இருக்கிறான்."

 பிறகு அதே குரல், "அது சரி, அவள் ஆத்தக் கடந்துட்டாளா?" என்று கேட்டது.

"அததான் நாங்களும் கேக்கிறம்!" என்றார் டீச்சர்.

ஆகவே மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டோம். டீச்சர் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். மதினி, வந்துவிட்டாள் என்றார். இல்லாவிட்டால் கோல் எடுத்து நான் கெடுத்த அவருடைய நித்திரைக்கு யார் பதில் சொல்வது என்றார். கம்பஸ் பிள்ளை, வரவில்லை. டீச்சர், தான் இரண்டு பக்கமும் நிற்பதாகச் சொன்னார். பிறகு காரைதீவு அக்காவின் வள்ளம் மினுங்கியது.

"ஒருக்கா எங்கட வள்ளம் வரவேண்டிய நாளில வரல்ல" என்றார். "நான் டோர்ச்ச எடுத்துக்கிட்டுக் கரையில நிண்டன். நீங்க எல்லாரும் அந்தப் பிள்ளையோட ஐஸில ஊருறீங்க. எனக்கு அப்பிடி வாசிக்கத் தெரியல்ல. நான் வாசிக்கக்குள்ள அக்கரையில நிண்டன். அந்த வெளிச்சத்த ஆரோ ஒராள் வச்சிருக்கிறாதானே? வெளிச்சம் சும்மா வராது."

"வெளிச்சம் வச்சா ஆள் வந்துருமா அக்கா?" கம்பஸ் பிள்ளைதான். வாதாடுகிற குரல் இல்லை.

"வராது பிள்ள. சில நேரம் வராது. வச்சவ வீட்டுக்குள்ள போகமாட்டா, அவ்வளவுதான்."

நான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எத்தனையோ தரம் வாசித்திருந்தேன். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது பார்த்தால் அங்கே ஒருத்தி நிற்கிறாள். குளிரில் தலையை மூடிக்கொண்டு, நாயை அடக்காமல், கதவைத் திறந்து போட்டுவிட்டு. அவளுடைய முகம் தெரியவில்லை. கையில் போன் மட்டும் இருந்தால் அது நான்தான்.

"தங்கச்சி, நீங்க?" என்றார் டீச்சர்.

"செத்துட்டா எண்டு சொன்னா எனக்கு ஐயாயிரம் மிச்சம் டீச்சர்" என்றேன். "அவருக்கு டோர்ச் வாங்கலாம். ஆனா அந்தக் காசுக்காக அவளக் கொல்ல எனக்கு ஏலா. வந்துட்டா. என்ட கணக்குல அவ வந்துட்டா."

 சாம்பல் உருவம் மினுங்கியது.

"அப்ப நானும் வந்துட்டா எண்டே வைக்கிறன். ராத்தாட காசு வீணாப் போகப்படா."

"ஆ, இப்பதான் கம்பஸ் புள்ள ஒராளக் கொல்லாம விட்டிருக்கா" என்றார் மதினி. சிரிப்போடு கோல் முடிந்தது.

திரும்பிப் பார்த்தால் குசினி வாசலில் என் கணவர் நிற்கிறார். கையில் வெறும் தேத்தண்ணிக் கோப்பை. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"ஐயாயிரமா?" என்றார்.

 சோற்றுப் பார்சலைக் கட்டத் தொடங்கினேன், கட்டிய பார்சலையே மறுபடி கட்டினேன்.

"புள்ள, நீ உள்ளுக்க இருந்து அழுததக் கேட்டு, உங்கட குடும்பத்துல ஆரோ பொம்புளைக்கு ஏதோ நடந்திற்று எண்டு நான் இந்தக் கிழமை முழுக்கப் பயந்து போய்த் திரியிறன். கேக்கவும் பயம். இதுவா விஷயம்?"

"ஓம்" என்றேன்.

கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"மறுகா? அந்தத் துவக்குக்காரன் என்ன ஆன?"

"அவன் ஐஸுக்குள்ள போயிட்டான்."

"நல்லம்" என்றார்.  "நாய் வளக்கிற வீடு எண்டா ஆக்கள் உள்ள வீடுதான். கட்டாயம் தூக்கியிருப்பாங்க."

பால்மா டின்னை அவரே எடுத்து மேசையில் கொட்டினார். டோர்ச்சுக்குப் புது பெற்றரி போட்டால் இந்தப் போகம் ஓடிவிடும், பெரியது இப்போது தேவையில்லை என்றார். தேவையில்லை என்று அவர் சொல்வது எனக்குப் பயம்தான், ஆனால் பெற்றரியாவது புதிது. பெற்றரிக்கும் வயல் செலவுக்கும் மூவாயிரத்து ஐந்நூறை ஒரு பக்கம் ஒதுக்கினார். மிச்சத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை இதப் போடுறன். மத்தத வெள்ளாமை வெட்டினாப் பொறகு போடுவம். அல்லாஹ் நெருக்கமாட்டான்."

சோற்றுப் பார்சலை மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. நான் வாசல் லைட்டைப் போட்டுவிட்டுப் படியிலேயே இருந்தேன். மாவடிப்பள்ளியைத் தாண்டி ஒரு மிஸ்ட் கோல் வந்தது. இரண்டாவது வரும்வரை நான் உள்ளே போகவில்லை. முன்பு அப்படி இருக்கும்போது என்னை நானே ஏசிக்கொள்வேன். அன்றைக்கு ஏசவில்லை. பாங்கு சொல்லி முடித்துச் சற்று நேரத்தில் இரண்டாவதும் வந்தது. அவர் சுகமாகப் போய்ச் சேர்வதற்கென்று அன்றைக்கு நான் நேர்ச்சை எதுவும் வைக்கவில்லை. ஏற்கெனவே ஒன்று நிலுவையில் இருக்கும்போது இன்னொன்று கேட்க வெட்கமாக இருந்தது.

சொன்னபடியே வெள்ளிக்கிழமை ஆயிரத்து ஐந்நூறு உண்டியலில் விழுந்தது. மௌலவி இன்னும் கிதாபு பார்த்துக்கொண்டிருக்கிறாராம். பார்க்கட்டும், எனக்குச் சந்தேகம் இல்லை. புத்தகம் டீச்சர் வீட்டு அலுமாரிக்குத் திரும்பிப் போய்விட்டது. அவள் கரையேறிவிட்டாள். வயல் இப்போதுதான் கதிர் தள்ளுகிறது, அறுவடைக்கு நாள் இருக்கிறது. அவளுக்காக நான் இன்னும் கொடுக்கவேண்டியது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.